அம்மா சொல்லாத என் பெயர்

பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கப் போன அன்று அப்பா ஊரில் இல்லை. அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். தலைமையாசிரியர் பெரிய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "பிள்ளை பேரு என்னம்மா?" என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து மறுபடியும் கேட்டார். அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "முருகனுக்கு எளையவ பேரு சார்" என்றாள்.

"தெய்வானையா?"

"அவ மூத்தவல்லா. இவ தினைப்புனம் காத்தவ."

அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்களிடம் பெயர் கேட்டு எழுதிப் பழகியவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் 'வள்ளியம்மாள்' என்று எழுதி மையை ஒற்றினார்.

அது என் ஆச்சியின் பெயர். அப்பாவைப் பெற்றவள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வது மரியாதைக் குறைவு என்று அம்மாவை வளர்த்திருந்தார்கள். ஆச்சி பெயரை எனக்கு வைத்தது அப்பாவின் ஆசை. அது ஊர்வழக்கமும்தான். பேரன் என்ற சொல்லே பெயரன். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பேத்தி, பெயர்த்தி. இப்படிப் பெயரை வைத்துவிட்டுப் பெற்றவளே அதைச் சொல்ல முடியாமல் போவது எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் இருந்த கதை.

ஆக, வீட்டில் எனக்கு வேறு பெயர்கள். ஆச்சி என்னை 'எம் பேருக்காரி' என்பாள். அப்பா 'எம்மா' என்பார். தம்பியை 'ஏலே' போட்டுத் திட்டுகிற அப்பா என்னை ஒரு நாளும் 'ஏட்டி' என்று கூப்பிட்டதில்லை; பெற்ற தாயின் பெயரைக் கொண்டவளை எப்படித் திட்டுவது? அம்மா என்னை 'கொடி' என்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை ராசாத்தி என்பதுபோல அதுவும் ஒரு செல்லப்பேர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அம்பாசமுத்திரம் காய்க்கடைக்கு அம்மாவோடு போனால் இன்னொரு கூத்து நடக்கும். எங்கள் பக்கம் பொங்கலுக்குக் கரும்பு எப்படியோ கிழங்கும் அப்படி. சிறுகிழங்கு, சேப்பங்கிழங்கு, சேனை, பிடிகிழங்கு, பனங்கிழங்கு என்று சாக்கை விரித்துக் கூறுகட்டி வைத்திருப்பார்கள். நடுவில் மண் ஒட்டிய கட்டையாக, முழங்கை நீளத்துக்கு, வள்ளிக்கிழங்கு கிடக்கும். மற்ற எல்லாவற்றையும் அம்மா பெயர் சொல்லி வாங்குவாள். இதற்கு மட்டும் விரலை நீட்டுவாள். கடைக்காரர் வேண்டுமென்றே, "எதுக்கா? பேரைச் சொல்லுங்க" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே, "அந்தக் கொடிக்கிழங்குல ஒரு அரைக்கிலோ" என்பாள். மாமியார் பெயரில் கிழங்கு இருந்தால் கிழங்கையும் சொல்லக் கூடாது.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போதுதான் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டி என் பெயரைத் தேடினேன். ஆச்சி இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் வள்ளி. முருகன் மனைவி என்று போட்டிருக்கும், அவ்வளவுதானே என்று எண்ணித் தேடினேன். ஆனால் கொடி என்று இருந்தது. கிழங்குக் கொடி என்றும் இருந்தது. நான் நூலகத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா, சொல்லக் கூடாத பெயரை ஒதுக்கிவிட்டு, அதன் பொருளை எடுத்து எனக்கு வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து இந்தப் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் சேர்ந்தவற்றில் கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிழங்கு. புறநானூற்றில் 109ஆம் பாட்டு கபிலருடையது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டு நிற்கிறார்கள். பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அது நடக்காது, இந்த மலையில் உழவர் உழாமலே நாலு விளைச்சல் உண்டு என்கிறார் கபிலர். மூங்கிலில் நெல் விளையும். பலாப்பழம் பழுத்துத் தொங்கும். மலை உச்சியில் தேன் சொரியும். மூன்றாவதாக அவர் சொல்வது, "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே." கொடி மேலே தழைக்க, கீழே கிழங்கு இறங்குகிறது. யாரும் ஏர் பூட்டவில்லை, யாரும் நீர் பாய்ச்சவில்லை. மூன்று பேரரசர்கள் சேர்ந்து வந்தும் ஊரைச் சாகவிடாமல் காத்த சோறுகளில் ஒன்று என் பெயரில் இருந்தது என்று படித்த அன்று எனக்கு உண்டான நிறைவை இப்போதும் உணர்கிறேன்.

இந்தப் பெயருக்குத் தமிழர்கள் கொடுத்திருக்கிற இடத்தைப் பிற்காலத்துக் கிழங்குகளிலும் பார்க்கலாம். போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்துக் கிழங்குகள் இந்தியாவுக்கு வந்தன. இனிப்பாக இருந்ததற்கு சர்க்கரைவள்ளி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரில் அது சீனிக்கிழங்கு, அதனால் அம்மாவுக்கு அதில் சங்கடம் இல்லை. இன்னொன்று கொடியே இல்லை, ஆள் உயரத்துக்குக் குச்சியாக நிற்கிற செடி. அதையும் விட்டுவிடாமல் மரவள்ளி என்றார்கள். மண்ணைத் தோண்டி எடுத்து வயிறு நிறைய உண்ணக்கூடிய இந்தப் புதியவற்றுக்கு வள்ளி என்ற பெயர்தான் நாக்கில் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊதா நிறத்தில் ஒரு கிழங்கு உண்டு, இராசவள்ளி. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சிக் களியாக்குவார்கள். எங்கள் வங்கிக் கிளையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் ஒருமுறை செய்து கொண்டுவந்து, "உங்கட பெயர்தான், சாப்பிடுங்கோ" என்று நீட்டினார்.

இனி, பெண். கந்தபுராணத்தின் கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணம். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சூரனோடும் அவன் தம்பியரோடும் நடந்த போர்களையெல்லாம் பாடி முடித்து, கடைசியில் ஒரு தினைப்புனத்தில் வந்து நிற்கிறார். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண் குழந்தை கிடக்கிறது. வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்க்கிறான். குழியின் பெயர்தான் பிள்ளைக்கு. நட்சத்திரமும் பார்க்கவில்லை, நாளும் பார்க்கவில்லை. கிடைத்த இடமே பெயர். குப்பையில் போட்டு எடுத்த பிள்ளைக்குக் குப்பம்மாள், தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்குத் தவிட்டம்மாள் என்று நம் கிராமங்களில் வைப்பார்களே, அந்த வரிசையில் வருகிற பெயர் இது. ஒரு தெய்வத்தின் பெயர் இவ்வளவு எளிய இடத்திலிருந்து வந்திருக்கிறது என்பதை நான் யாரிடம் சொல்ல வாய்த்தாலும் சொல்லிவிடுவேன்.

புராணத்துக்கெல்லாம் முந்தியே வள்ளி இருந்தாள். நற்றிணையில் அம்மூவனார் பாடிய 82ஆம் பாட்டில் தலைவன் தலைவியிடம் பேசுகிறான். "நன்னடைக் கொடிச்சி" என்று அவளை அழைக்கிறான். அடுத்த அடி: "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல." முருகனோடு சேர்ந்து நடந்து போன வள்ளியைப் போல நீ ஒளிவிடுகிறாய், என் கண் கூசுகிறது என்கிறான். கொடிச்சி என்றால் குறிஞ்சி நிலத்துப் பெண். அந்தச் சொல்லும் வள்ளியும் அடுத்தடுத்த அடிகளில் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் கொடிச்சியில் இருக்கிற கொடி வேறு என்று சொல்லட்டும். எனக்குக் கேட்டதை எழுதுகிறேன்.

அந்த ஓர் அடியில் நான் பார்ப்பது இன்னொன்றும் உண்டு. வள்ளியை யாரும் முருகனுக்குக் கொடுக்கவில்லை. 'புணர்ந்து இயன்ற', சேர்ந்தாள், நடந்தாள். வினை இரண்டும் அவளுடையவை. பரிபாடலில் ஒன்பதாம் பாட்டு இதை ஒரு வழக்காகவே நடத்திப் பார்க்கிறது. குன்றம்பூதனார் பாடியது. திருப்பரங்குன்றத்தில் முருகன் இந்திரன் மகளான தேவசேனையை, அதாவது தெய்வானையை, முறைப்படி மணந்தவன். வள்ளியை மணந்தபோது தேவசேனையின் கண்ணீர் மழையாக அந்தக் குன்றில் பெய்தது என்று பாட்டு சொல்கிறது. பிறகு இரண்டு பேரின் தோழிகளும் மோதிக்கொள்கிறார்கள். இவள் மயிலோடு அவள் மயில் மல்லுக்கு நிற்கிறது, கிளியோடு கிளி வாதாடுகிறது. முடிவில் வெல்வது வள்ளியின் பக்கம். வேதம் கற்ற புலவர்களை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு புலவர் களவுக் காதலின் சிறப்பை எடுத்துச் சொல்கிறார்: "தள்ளாப் பொருளியல்பின் தண்டமிழ் ஆய்வந்திலார் கொள்ளார் இக்குன்று பயன்." தண்தமிழின் அகப்பொருளை ஆராயாதவர்களுக்கு இந்தக் குன்றின் பயன் கிடைக்காது என்கிறார். இந்திரன் மகளா குறத்தியா என்று கேட்டால், குறத்தி என்று தமிழ் சங்கப் பாடல்களின் காலத்திலேயே பதில் சொல்லியிருக்கிறது.

அருணகிரிநாதரிடம் இது உச்சிக்குப் போய்விடுகிறது. கந்தரனுபூதியில், "பணியா என வள்ளி பதம் பணியும் தணியா அதிமோக தயாபரனே" என்கிறார். எனக்கு ஏதும் வேலை உண்டா என்று கேட்டு வள்ளியின் காலில் விழுகிறான் முருகன். உலகமே யார் காலில் விழுகிறதோ அவன் ஒரு குறப்பெண் காலில் விழுந்து ஏவல் கேட்கிறான். ஆச்சிக்கு இந்த வரி தெரியும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் அனுபூதி ஐம்பத்தோரு பாட்டும் மனப்பாடம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு இந்த வரி வரும்போது மட்டும் சத்தம் சற்றுக் கூடும். தாத்தா திண்ணையில் இருப்பார்.

குமரி மாவட்டத்தில் வேளிமலை குமாரகோவில் பக்கத்திலிருந்தும் இந்தக் கதையைப் பார்த்திருக்கிறேன். அங்கே முருகனோடு நிற்பவள் வள்ளி. பங்குனித் திருக்கல்யாணத்தில் குறவர் படுகளம் நடக்கும். எங்கள் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவாய் என்று குறவர்கள் சாமியை மறிப்பார்கள். கம்பு சுழலும், ஆட்கள் விழுவார்கள், அதற்குப் பிறகுதான் கல்யாணம். பெண் வீட்டார் இத்தனை ஆண்டுகளாக அந்த வழக்கை விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வேலூர்ப் பக்கத்து வள்ளிமலை அவள் பிறந்த இடம் என்கிறார்கள். திருச்செந்தூரில் கடலோரம் வள்ளி குகை இருக்கிறது. இலங்கையில் கதிர்காமத்தைச் சுற்றியுள்ள வேடர்கள் அவளைத் தங்கள் குலத்துப் பெண் என்கிறார்கள். அங்கே ஆடித் திருவிழாவில் இரவுதோறும் முருகனின் யந்திரப் பேழை யானைமேல் ஏறி எதிரே இருக்கிற வள்ளியம்மன் கோயிலுக்குப் போகிறது. சிங்களவர்களும் அவளை வள்ளியம்மா என்றுதான் அழைக்கிறார்கள். கடல் தாண்டி மொழி மாறியும் அந்தப் பெயரை மட்டும் மாற்றவில்லை.

பெயரில் இருக்கிற ள பற்றி எழுதாமல் போக முடியாது. வல்லி என்றாலும் கொடிதான். மரகதவல்லி, கோமளவல்லி, அமுதவல்லி என்று அம்மன் பெயர்களில் வருவது அது, அழகான பெயர்கள். ஆனால் குழியில் கிடைத்த பிள்ளை வல்லி ஆகமாட்டாள். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அங்கிருந்து திரும்பத் தமிழுக்கு வரும்போது பாதிப் பேருக்குப் பெயரே மாறிவிடும். இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறேன். மாதத் தொடக்கத்தில் உதவித்தொகை வாங்க வருகிற பாட்டிமாரில் மூன்று பேராவது வள்ளியம்மாள். ஒருவரின் அடையாள அட்டையில் 'வல்லியம்மாள்' என்று அச்சாகியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. சரிபார்ப்பதற்காக அட்டையில் இருந்தபடியே வாசித்தேன். பாட்டி சட்டென்று நிமிர்ந்து, "அது நானில்லீங் கண்ணு. அது ஆரோ. நான் வள்ளி" என்றார். அந்த ளவை நாக்கை நன்றாக மடித்து அழுத்திச் சொன்னார். எழுபது வயது தாண்டியவர், எழுத்து ஒன்றுகூட அறியாதவர், காதாலேயே பிழையைப் பிடித்துவிட்டார். திருத்தத்துக்கான படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். திருத்திய அட்டை வந்த அன்று எடுத்துவந்து காட்டி, இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்.

அதே கிளையில் மாணவர் கணக்குகளும் என் மேசைக்குத்தான் வரும். அங்கே ஒரு வள்ளியைக்கூட நான் பார்த்ததில்லை. முதியோர் படிவங்களில் இவ்வளவு பேர், பிள்ளைகள் படிவத்தில் ஒருவரும் இல்லை. என் வகுப்பிலேயே நான் ஒருத்திதான். எனக்கு முந்திய தலைமுறையில் தெருவுக்கு இரண்டு வள்ளி இருந்தார்கள். சோதிடர் எழுத்துக் கொடுத்து, எண்கணிதம் கூட்டிப் பெயர் தேடுகிற காலம் வந்த பிறகு இது நழுவிவிட்டது. இத்தனைக்கும் ரோகிணியில் பிறந்த பிள்ளைக்கு ஓ, வ, வி, வு என்றுதான் எழுத்துச் சொல்கிறார்கள். வ வந்தால் வர்ஷினிக்குப் போகிறார்கள். சின்னப் பெயராக வேண்டும், கூப்பிட வசதியாக இருக்க வேண்டும், பொருள் இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் என் பெயரைச் சொல்லியிருக்கிறேன். எழுதினால் மூன்றெழுத்து. "பழைய பேரா இருக்கே" என்பார்கள். பழையது என்பதில் எனக்கு வருத்தமில்லை. எவ்வளவு பழையது என்று தெரியாமல் சொல்கிறார்களே என்றுதான் மனம் கேட்பதில்லை.

காரைக்குடியில் மூன்றாண்டு வேலை பார்த்தபோது மட்டும் வேறு மாதிரி இருந்தது. நகரத்தார் வீடுகளில் முன்னோர் பெயரை விடுவதில்லை. வள்ளியம்மை என்ற பெயரில் எண்பது வயது ஆச்சியும் வருவார், கல்லூரிக்குப் போகிற பேத்தியும் வருவாள். ஒரே வீட்டில் பெரிய வள்ளி, சின்ன வள்ளி. ஆண்களுக்கும் இந்தப் பெயர் பரவியிருக்கிறது என்பதை அங்கேதான் கவனித்தேன். வள்ளியப்பன் இல்லாத வளவு அபூர்வம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) அந்தச் சமூகத்துக்காரர்தான். எங்கள் நெல்லைப் பக்கம் வள்ளிநாயகம், வள்ளிமுத்து. முருகனே வள்ளிமணாளன். பொதுவாக ஆண் பெயரின் வாலில் பெண் பெயரைச் சேர்ப்பார்கள். இங்கே பெண்ணின் பெயரை முன்னால் வைத்து ஆண்கள் தங்களை அறியச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கொங்குப் பகுதிக்கு வந்த பிறகு வள்ளி கும்மி பார்த்தேன். வள்ளி பிறந்தது, புனம் காத்தது, முருகன் கிழவனாக வந்து ஏமாற்றியது என்று கதை முழுவதையும் பாடிக்கொண்டே ஆடுகிறார்கள். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த மூத்த கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த வள்ளி ஒயில் கும்மிக்காகத்தான். முன்பு ஆண்கள் ஆடியது, இப்போது ஊர் ஊராகப் பெண்களும் சிறுமிகளும் ஒரே நிறச் சேலையில் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒரு கோயில் அரங்கேற்றத்தில் என் பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பெண் ஆடி முடித்து மூச்சு வாங்க, "உங்க பேரென்னங்க ஆன்ட்டி?" என்றாள். சொன்னேன். "நெசமாவா? நாங்க பாடினவங்களா?" என்று கண்ணை விரித்தாள். பெயராக வைப்பது நின்றுபோன ஊரில் பாட்டாக இது வாயில் இருக்கிறது.

ஒரு வள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1898 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. குடும்பத்தின் வேர், தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடியில். 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு பெறாத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்றது. ஒரே நாளில் அங்கிருந்த இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தலையில் ஏற்கெனவே 3 பவுண்டு வரி இருந்தது. காந்தி அழைத்தபோது பெண்கள் தெருவுக்கு வந்தது இந்த இரண்டு காரணங்களால். தாயார் மங்களத்தோடு வள்ளியம்மையும் டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்கு நடந்தாள். அந்த டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு எலும்பாகிவிட்டாள். முன்கூட்டியே விடுதலை தருகிறோம் என்றபோதும் மறுத்துவிட்டாள். வெளியே வந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை. சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, இப்போது பிடித்தாலும் போவேன் என்றாள். 1914 பிப்ரவரி 22, பதினாறு வயது நிறைந்த நாளிலேயே இறந்தாள். இந்தியா உள்ளவரை வள்ளியம்மாவின் பெயர் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றில் வாழும் என்று காந்தி எழுதினார்.

சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். பயிற்சிக்காகச் சென்னைக்குப் போன ஒரு சமயம் அந்தப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். முறைப்படி யாரும் கட்டிவைக்காத கல்யாணம் வள்ளியின் கல்யாணம். செல்லாது என்று தீர்ப்பான கல்யாணங்களுக்காக உயிரை விட்டவளுக்கும் அதே பெயர். பெற்றவர்கள் இதை நினைத்தா வைத்திருப்பார்கள்? ஏதோ ஒரு பாட்டியின் பெயராக இருந்திருக்கும். இருந்தாலும் அந்த இரண்டு வள்ளிகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கடையில் வாங்குவதை விட்டு, வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தை ஒட்டிக் கிழங்கை அவளே போட்டுக்கொள்கிறாள். கோடை மழைக்கு நட்டால் ஆனி ஆடியில் மரத்தைச் சுற்றி ஏறிவிடும். இலை நெஞ்சு வடிவில் இருக்கும். தண்டைத் தடவிப் பார்த்தால் உருண்டையாக இருக்காது. நாலு பக்கமும் மெல்லிய சவ்வு வைத்துத் தைத்தது போல இருக்கும். மார்கழியில் கொடி மஞ்சளாகிக் காய்ந்து சரசரவென்று தொங்கிவிடும். பார்க்கிறவர்களுக்குச் செத்துப்போன கொடி. தொல்காப்பியத்தில் 'வாடா வள்ளி' என்று ஒரு தொடர் வரும். வாடுகிற வள்ளி கொடி, வாடாத வள்ளி கூத்து என்று உரைகாரர்கள் பிரித்துச் சொல்வார்கள். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்த கொடி மண்ணில் இறங்குகிற இடத்தைக் கையால் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி போயி இத்தன வருசம் ஆச்சே, இன்னமும் அந்தப் பேரைச் சொல்லமாட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"அத்தை பேரை எப்படிச் சொல்லுவேன்?"

"எம் பேரும் அதானே. பெத்த மக பேரை ஒரு தடவகூட நீ கூப்பிட்டதில்ல."

அம்மா தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உம் பேரத்தானே நாப்பத்தாறு வருசமா கூப்பிடுதேன்" என்றாள். அவள் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. இது உனக்குத் தெரியாதா என்கிற மாதிரி.

பிறகு சுற்றிலும் மண்ணைப் பறித்து, கிழங்கு ஒடியாமல் இரண்டு கையாலும் அசைத்து அசைத்து எடுத்தாள். என் முழங்கை அளவு இருந்தது. முந்தானையால் மண்ணைத் துடைத்து, கொடி ஒட்டியிருந்த தலைப்பக்கத்தில் ஒரு துண்டை அரிவாள்மனையில் வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு வைத்தாள்.

"கொடி, இதைக் கொண்டுபோயி அந்தப் பானைக்குப் பின்னால வை. சித்திரையில நடணும்."